கிரகணத்துக்கு நான்கு நாள் முன்னால் ஒரு கூட்டம்

2019 டிசம்பர் 26 அன்று வளைய சூரிய கிரகணம். அதன் பாதை கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று தமிழ்நாட்டின் குறுக்கே போனது. திண்டுக்கல் பக்கம், அந்தப் பாதைக்குள் இருந்த ஒரு சிற்றூரின் கிளை நூலகத்தில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். 22-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, வாசகர் வட்டக் கூட்டம். வானியல் எனக்குத் தொழில் இல்லை, வெகுநாள் பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் ஊர் ஊராகப் போய்ப் பேசவும் ஆரம்பித்தேன். ஒரு பேச்சுக்கு எப்படித் தயாராவது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கூட்டத்தைத்தான் சொல்வேன். இங்கே பேசிய நேரத்தைவிட, அதற்கு முன்னும் பின்னும் செய்த வேலைதான் அந்த ஊருக்குப் பயன்பட்டது.

நூலகர் போனில் சொன்னது ஒரு வரி. “சார், கிரகணம் பத்தி ஒரு மணி நேரம், எளிமையா பேசணும்.” சரி, யாருக்கு எளிமையாக? அது தெரியாமல் குறிப்பு எடுக்கவே உட்கார முடியாது. வழக்கமாக யார் யார் வருவார்கள் என்று விசாரித்தேன். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தினமும் பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள். அரையாண்டுத் தேர்வு முடியும் நேரம் என்பதால் பள்ளிப் பிள்ளைகளும் வரலாம். பெண்கள்? “கூட்டத்துக்கு அவ்வளவா வர மாட்டாங்க சார்” என்றார்.

கிரகணம் என்றால் ஊரில் கட்டுப்பாடு யார் தலையில் விழும்? சமைக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, கர்ப்பிணி வெளியே தலைகாட்டக் கூடாது, கத்தி அரிவாள்மனையைத் தொடக் கூடாது. எல்லாமே வீட்டுப் பெண்களுக்கு. அவர்கள் இல்லாத கூட்டத்தில் இதைப் பேசினால், கேட்டுவிட்டுப் போகிற ஆண்கள் வீட்டில் போய் உத்தரவு போடுவார்கள், அவ்வளவுதான். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குச் சொல்லி அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். குழுத் தலைவிகளை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள்.

இன்னும் சில விஷயங்களையும் அந்த போனிலேயே பேசி முடித்தோம். வெளிச்சம் இருக்கும்போதே தெருவில் ஒன்று செய்து காட்ட வேண்டும், அதனால் ஐந்து மணிக்கே தொடங்க வேண்டும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் சேர்த்து கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். பொன்னாடை வேண்டாம், அந்தக் காசுக்குக் கிரகணம் பார்ப்பதற்கான சூரியக் கண்ணாடிகள் வாங்கி நூலகத்தில் வைத்துவிடலாம். கடைசியாகச் சொன்னதை வாசகர் வட்டத் தலைவர் ஏற்றுக்கொள்வாரா என்ற தயக்கம் இருந்தது. அவரோ தன் பங்குக்கும் கொஞ்சம் பணம் போட்டு, கண்ணாடியின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டார். இதையெல்லாம் முன்கூட்டியே கேட்பது பெரிய மனுஷத்தனம் போலத் தெரியுமோ என்று கூச்சப்படுகிறவர்கள் உண்டு. கூச்சப்பட வேண்டியதில்லை. கூட்டம் நடத்துகிறவர்களுக்கு, பேச வருகிறவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று தெரிந்துவிட்டால் பாதி பதற்றம் போய்விடும்.

அடுத்தது எதைப் பேசுவது என்பது. எனக்குக் கிரகணம் என்றால் கதை நிறைய. 1868 ஆகஸ்ட் 18 அன்று வந்த முழு கிரகணத்தைப் பார்க்க பிரான்சிலிருந்து வானியலாளர் ஜான்சன் குண்டூருக்கு வந்தது, ஹீலியம் என்ற வாயுவின் கதை அந்தக் கிரகணத்திலிருந்து தொடங்கியது. வெள்ளிக் கோள் சூரியனுக்கு முன்னால் கடந்து போவதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கப்பலேறிய பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீ. 1761-இல் அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது, நடுக்கடலில் ஆடுகிற கப்பலில் இருந்து அளவு எடுக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு வருடம் இந்தப் பக்கமே தங்கினார். 1769 ஜூன் மாதம் புதுச்சேரியில் தயாராக உட்கார்ந்திருந்தார். சரியாக அந்த நேரத்துக்கு மேகம் வந்து மூடிவிட்டது. இந்தக் கதையைச் சொன்னால் சபை அசையாமல் கேட்கும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் எடுத்துவிட்டேன். கேட்கிறவர்கள் நான்கு நாளில் தங்கள் வீட்டு வாசலிலேயே கிரகணம் பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மூன்று: இது ஏன் வருகிறது, இந்த முறை ஏன் வளையமாகத் தெரிகிறது, கண் கெடாமல் எப்படிப் பார்ப்பது. இதற்கு உதவாதது எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும் அன்றைக்கு அதற்கு இடமில்லை.

சொல்லும் விதத்துக்கு ஒரு முன்னோடி இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி, சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தவர், 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874-இல் வெள்ளி கடப்பு வருகிறது என்றதும் அதைச் சாதாரண மக்களுக்குச் சொல்ல ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் ஒரு சிறு நூல் எழுதினார். சித்தாந்தம் என்கிற பழைய வானியல் கணக்கு தெரிந்த ஒருவரும் பண்டிதர்களும் பேசிக்கொள்கிற உரையாடலாக அதை அமைத்தார். எவ்வளவு சரியான முடிவு! கேட்கிறவன் மனதில் எழும் கேள்வியை நாமே எடுத்து வைத்துவிட்டால், அவன் பாதி வழி வந்துவிடுகிறான். நானும் என் குறிப்பைக் கேள்விகளாகவே எழுதிக்கொண்டேன். “நிலா சின்னது, சூரியன் பெரியது, எப்படி மறைக்கும்?” இது முதல் கேள்வி. பேச்சை முழுசாக எழுதி வைப்பது எனக்கு ஒத்துவராது, எழுதினால் கண் தாளைத் தேடும். முதல் இரண்டு வாக்கியம், கேள்விகள், எண்கள், முடிக்கும் வாக்கியம். எல்லாம் ஒரு அஞ்சலட்டையில் அடங்க வேண்டும். அப்புறம் மொட்டை மாடியில் நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் சேராது. நாக்கு எந்த இடத்தில் தடுக்கும், மூச்சு எங்கே போதாது என்பதெல்லாம் சத்தமாகச் சொன்னால்தான் தெரியும்.

எண்களில் ஒன்றே ஒன்றுக்காக நிறைய நேரம் செலவழித்தேன். ஒரு பெரிய குடையை விரித்தால் அகலம் சுமார் ஒரு மீட்டர். அதைச் சூரியன் என்று வைத்துக்கொண்டால், பூமி ஒன்பது மில்லிமீட்டர், ஒரு பெரிய பட்டாணி. அந்தப் பட்டாணியை குடையிலிருந்து நூற்றேழு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நிலா இரண்டரை மில்லிமீட்டர், ஒரு பெரிய கடுகு. அது பட்டாணியிலிருந்து ஓர் அடிக்கும் கொஞ்சம் குறைவான தூரத்தில். இதை நானே என் தெருவில் அளந்து வைத்துப் பார்த்தேன். பட்டாணி இருக்கும் இடத்தில் கண்ணை வைத்து, கடுகை நேராகப் பிடித்தால், தெருக்கோடியில் விரித்த குடை அதற்குப் பின்னால் கிட்டத்தட்ட மறைகிறது. கடுகைக் கண்ணிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் குடையின் ஓரம் சுற்றிலும் வளையமாகத் தெரிகிறது. நிலாவின் பாதை நீள்வட்டம், சில சமயம் கிட்டே வரும், சில சமயம் தள்ளிப் போகும், 26-ஆம் தேதி அது தள்ளியிருக்கிற சமயம் என்று பத்து நிமிடம் விளக்குவதைக் கடுகு ஒரு நொடியில் விளக்கிவிடும். இதற்குக் கரண்ட் வேண்டாம், ப்ரொஜெக்டர் வேண்டாம்.

கூட்டத்தன்று முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். மைக் செட்காரரை ஏதாவது பேசச் சொல்லிவிட்டு, நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேட்டேன். பேச்சாளர் முன்னால் நின்று “ஹலோ, ஹலோ” சொல்வதைவிட இது நல்ல வழி. அது உள்ளாட்சித் தேர்தல் சமயம், 27-ஆம் தேதி முதல் கட்ட வாக்குப்பதிவு. பிரசார ஆட்டோக்கள் தெருவை விட்டு நகரவில்லை. ஒலிபெருக்கியோடு போட்டி போடாமல் ஆட்டோ கடந்து போகும்வரை நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டேன்.

பேச்சு நன்றாகவே போனது. குடையை ஒரு பெண் தெருக்கோடியில் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளும் பெரியவர்களும் வரிசையாக வந்து, குச்சி முனையில் ஒட்டிய கடுகு வழியே ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்கள். “அட, ஆமா!” என்று ஒரு பாட்டி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வளையம் சுமார் 9.30 வாக்கில் மூன்று நிமிடம் வரை தெரியும் என்று சொன்னேன். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் மறைந்தாலும் மிச்சமிருக்கிற ஓரம் விழித்திரையைச் சுட்டுவிடும், அங்கே வலி தெரியாது என்பதால் சுடும்போது தெரியவும் தெரியாது என்று சொன்னேன். எக்ஸ்ரே பிலிம், தண்ணீர்த் தொட்டி, கருப்புக் கண்ணாடி எதுவும் உதவாது. பூந்திக் கரண்டியை வெயிலில் பிடித்தால் தரையில் ஓட்டைக்கு ஒரு சூரியன் விழும்.

அப்புறம் கேள்வி நேரம். நான் இதற்காகவே பேச்சை நாற்பது நிமிடத்தில் நிறுத்தியிருந்தேன். முதலில் பிள்ளைகள் கேட்டார்கள். பிறகு பின்வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்தார். “தம்பி, என் மருமகளுக்கு ஏழாம் மாசம். நீங்க சொல்றத நம்பி நான் அவள வெளிய விட்டு, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, ஊரு யாரைப் பேசும்? என்னையத்தான பேசும்?”

சபை சட்டென்று அடங்கிவிட்டது. இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் ஒதுக்குகிற பேச்சாளர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா கேட்டதில் பயம் இருந்தது, அந்தப் பெண்ணின் மேல் பாசம் இருந்தது, பழியை யார் சுமப்பது என்ற நியாயமான கணக்கும் இருந்தது. “அம்மா, அன்னைக்கு வர்ற வெயில் தினமும் வர்ற அதே வெயில்தான். வயித்துப் பிள்ளைக்கு அதனால ஒண்ணும் ஆகாது. கண்ணைத்தான் பாத்துக்கணும். வெளிய வரணும்னு கட்டாயம் இல்ல. ஆனா மருமகள பட்டினி போடாதீங்க, தண்ணி குடிக்காம இருக்க விடாதீங்க. ஏழாம் மாசத்துல கெடுதல் பண்றது அதுதான்” என்றேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். முகத்தில் தெளிவு முழுசாக வரவில்லை.

அடுத்து, தினமும் பேப்பர் படிக்க வருகிற பெரியவர் ஒருவர். கையில் விகாரி வருடப் பஞ்சாங்கம். “தம்பி, மார்கழி பத்து, அமாவாசை, சூரிய கிரகணம்னு சித்திரைக்கு முன்னாடியே இதுல அச்சடிச்சு வந்திருச்சு. அந்தக் காலத்துல டெலஸ்கோப் ஏது? எப்படிக் கண்டுபிடிச்சாங்க?” கிரகணங்கள் ஒரு சுழற்சியில் திரும்ப வரும் என்று சுருக்கமாகச் சொன்னேன். நேரம் முடிந்துவிட்டது, வெளியே இருட்டிவிட்டது. விளக்கமாகக் கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லி முகவரி வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு பஸ்ஸில் வரும்போதே, கேட்ட கேள்வி ஒவ்வொன்றையும் கேட்டவர் சொன்ன வார்த்தைகளிலேயே நோட்டில் எழுதி வைத்தேன். இது என் வழக்கம், எல்லாப் பேச்சாளர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். மறுநாள் எழுதினால் கேள்வி நம் மொழிக்கு மாறிவிடும், அவர் கேட்டதை விட்டுவிட்டு நமக்குப் பதில் தெரிந்த ஒன்றை எழுதி வைப்போம். அந்த அம்மாவின் கேள்வியை எழுதியபோது, “வெளிய விட்டு” என்ற இடத்தில் பேனா நின்றது. அவருக்குச் சிக்கல் கிரகணத்தில் இல்லை, வாசற்படியில் இருந்தது. மருமகள் வெளியே வராமலே பார்க்க வழி இருக்கிறதே!

கைக்கண்ணாடி ஒன்றை எடுத்து, அதன் மேல் காகிதம் ஒட்டி, நடுவில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு ஓட்டை போட வேண்டும். அதை வாசலில் வெயிலில் வைத்து, வெளிச்சம் வீட்டுக்குள் இருட்டான சுவரில் விழுகிற மாதிரி சாய்க்க வேண்டும். சுவர் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் ஒன்பது சென்டிமீட்டர் அகலத்துக்குச் சூரியனின் உருவம் விழும். கிரகணம் பிடிக்கும்போது அந்த வட்டம் பிறையாகும், பிறகு வளையமாகும். கண்ணாடியை நேராகப் பார்க்காமல் சுவரை மட்டும் பார்த்தால் ஓர் ஆபத்தும் இல்லை. மறுநாள் காலையில் நூலகரைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். அவர் அன்றே செய்து பார்த்துவிட்டு, உற்சாகமாகத் திரும்பக் கூப்பிட்டார். “சார், அந்த அம்மா வீட்டுக்கு நானே போய்க் காட்டிட்டு வந்துர்றேன்.” அதே போனில் சூரியக் கண்ணாடிகளைப் பற்றியும் பேசினோம். ஒவ்வொன்றையும் டியூப்லைட் முன்னால் பிடித்து, துளையோ கீறலோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.

பெரியவருக்கான கடிதம் நீண்டுவிட்டது. எடுத்துவிட்டிருந்த கதைகள் எல்லாம் அங்கே வேலைக்கு வந்தன. சந்திரன் வானத்தில் ஓடும் வேகம் கூடிக் குறையும், ஆனால் 248 நாளுக்கு ஒரு முறை ஏறக்குறைய அதே ஒழுங்கு திரும்பும். அந்த 248 நாளுக்கும் நாளுக்கு ஒரு வாக்கியம், அதன் எழுத்துகளே எண்கள். மனப்பாடம் செய்துவிட்டால் சந்திரன் எங்கே இருக்கிறது என்று வாயிலேயே சொல்லிவிடலாம். வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடிப்படை இதுதான். 1825-இல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளை வைத்து, அட்டவணையை நினைவிலிருந்தே சொல்லி, அந்த வருடத்துச் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டியதை ஜான் வாரன் எழுதி வைத்திருக்கிறார். வாரன் முன்பு சென்னை வானாய்வகப் பொறுப்பில் இருந்தவர். அவருக்கும் முன்னால், மேகத்தால் ஏமாந்த அதே லெ ழாந்தீ புதுச்சேரியில் தங்கியிருந்தபோது ஒரு தமிழரிடம் உட்கார்ந்து இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டார்.

கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பஞ்சாங்கம் கணிக்கிறவர் ராகுவையும் கேதுவையும் பாம்பாக வைத்துக் கணக்குப் போடுவதில்லை. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டுகிற இரண்டு புள்ளிகள் அவை. அந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து பதினெட்டரை வருடத்துக்குச் சற்றே கூடுதலான காலத்தில் ஒரு சுற்று முடிக்கும். அமாவாசையன்று சூரியன் அந்தப் புள்ளிக்கு அருகில் இருந்தால் சூரிய கிரகணம், பௌர்ணமியன்று இருந்தால் சந்திர கிரகணம். “ஐயா, உங்கள் கையில் இருக்கிற பஞ்சாங்கத்தைக் கணித்தவருக்கு, பாம்பு விழுங்கவில்லை என்பது நன்றாகத் தெரியும்” என்று எழுதினேன். ரகுநாதாச்சாரி நவீன வானியல் அட்டவணைகளைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டதையும் சேர்த்துக்கொண்டேன். இதெல்லாம் நம்முடையது. நம் பெரியவர்களிடம் அறிவியலைப் பேசும்போது, அவர்கள் கையில் இருக்கிற பஞ்சாங்கத்திலிருந்தே தொடங்க முடிகிறபோது அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பேசுவானேன்?

26-ஆம் தேதி காலை நான் என் ஊரில் இருந்தேன். மேகம் வந்து வந்து போனது, வளையம் தெரிந்தது. புங்க மரத்தடியில் இலைச் சந்துகள் வழியே தரையெங்கும் வளையல் வளையலாக வெளிச்சம். மதியம் நூலகர் கூப்பிட்டார். நூலக வாசலில் நல்ல கூட்டமாம். அந்த அம்மாவின் வீட்டில் திண்ணையில் கண்ணாடி வைத்து, உள்ளே சுவரில் விழுந்த வளையத்தை மருமகள் பார்த்தாராம். அக்கம்பக்கத்துப் பெண்களும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்களாம். காலையில் இட்லி சாப்பிட்டாரா என்று கேட்டேன். “அத நான் எப்படி சார் கேக்கறது?” என்று சிரித்தார்.

நன்றி சொல்வதற்கு மட்டும் போன் செய்கிற வழக்கம் பலரிடம் உண்டு, அது நல்லதுதான். நான் கூடுதலாக ஒன்று கேட்பேன்: எந்த இடத்தில் புரியவில்லை என்று யாராவது சொன்னார்களா? நூலகர் யோசித்துவிட்டு, வளையம் ஏன் என்பது எல்லாருக்கும் புரிந்தது, ஒவ்வொரு அமாவாசையும் ஏன் கிரகணம் வருவதில்லை என்பதுதான் மறுநாளும் பேச்சாக இருந்தது என்றார். பொங்கலுக்குப் பிறகு பெரியவரிடமிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தது. கடிதத்தை நூலகத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டியதாகவும், வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நேரம் ஏன் வித்தியாசப்படுகிறது என்று இப்போது இரண்டு கட்சியாக விவாதம் நடப்பதாகவும் எழுதியிருந்தார். அதற்கும் பதில் போட்டேன். பதிலுக்கு அவரும் எழுதினார். அப்படியே சில கடிதங்கள் போய்வந்தன.

2031 மே 21-ஆம் தேதி தென் தமிழ்நாட்டில் மறுபடியும் வளைய கிரகணம், யாழ்ப்பாணத்துக்கும் அது போகிறது. அதற்கான அஞ்சலட்டையை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு அமாவாசையும் ஏன் வருவதில்லை என்பது முதல் கேள்வியாக வருகிறது. பஞ்சாங்கம் பேச்சுக்குள்ளேயே வந்துவிட்டது. சுவர்க் கண்ணாடியைக் கூட்டத்திலேயே செய்து காட்டப் போகிறேன். ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. 2019-இல் காலைச் சூரியன் சாய்வாக இருந்ததால் திண்ணையில் கண்ணாடி வைப்பது எளிதாக இருந்தது. 2031-இல் அக்னி நட்சத்திர வெயில், நண்பகல் வாக்கில், சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேல் நிற்கும். திண்ணை நிழலில் இருக்கும். வாசலில் ஸ்டூல் போட்டு எவ்வளவு சாய்த்தால் வெளிச்சம் நடுவீட்டுச் சுவர்வரை போகும் என்று வருகிற மே மாதமே ஒரு மதியம் வைத்துப் பார்க்க வேண்டும்.